போசமானி வானவில் மீன்: மூன்றாவது முறைதான் குஞ்சு பிழைத்தது

வானவில் மீனை விற்பனைக்கு வைத்திருக்கும் தொட்டியில் பார்த்துவிட்டு யாரும் ஆசைப்பட்டு வாங்குவது அபூர்வம். விரலளவு நீளம், மங்கிப்போன வெள்ளி நிறம், பக்கத்துத் தொட்டி மீன்கள் பளிச்சென்று இருக்கும்போது இதன் மேல் கண்ணே போகாது. நானும் இரண்டு மூன்று தடவை பார்த்துவிட்டுக் கடந்து போனவன்தான். பிறகு நண்பர் ஒருவர் வீட்டுத் தொட்டியில் முழுதாக வளர்ந்த ஆண் போசமானியைப் பார்த்தேன். தலையிலிருந்து பாதி உடம்புவரை ஊதா கலந்த கரு நீலம், அங்கிருந்து வால்வரை பழுத்த ஆரஞ்சு. இரண்டு வேறு மீன்களை நடுவில் ஒட்டவைத்ததுபோல் இருந்தது. "இது அந்தச் சாம்பல் குஞ்சுதான், ஒரு வருஷத்துக்கு மேல் ஆகும் இப்படி நிறம் ஏற" என்றார். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

இந்தப் பதிவு மீனை வளர்ப்பதைவிட அதை முட்டையிட வைத்து, குஞ்சை எடுத்துப் பிழைக்க வைப்பதைப் பற்றியது. முட்டை கிடைப்பது சுலபம், பொரிப்பதும் சுலபம். பொரித்த முதல் பத்து நாளில்தான் எல்லாம் கையை விட்டுப் போகும். எனக்கு ஒரு முறை அப்படிப் போனது, அதற்கு முந்தைய முறை முட்டையோடே நின்றுவிட்டது.

முதலில் தொட்டி. நான் வைத்திருப்பது 4 அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். விளிம்புவரை நிரப்பினால் சுமார் 250 லிட்டர், மணல், கல் எல்லாம் போக 210 வரும். இந்த மீனுக்கு உயரத்தைவிட நீளம்தான் வேண்டும். நாள் முழுவதும் ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஓடிக்கொண்டே இருக்கும், ஆண் 10 சென்டிமீட்டர்வரை வளரும், குட்டித் தொட்டியில் போட்டால் கண்ணாடியில் முட்டிக்கொண்டு நிற்கும். பின்பக்கமும் இரு ஓரமும் செடி, நடுவில் வெட்டவெளி. பிஎச் 7.6, கொஞ்சம் கடினத் தண்ணீர், வெப்பம் 26 டிகிரி. போசமானிக்குக் கடினத் தண்ணீர் ஒத்துக்கொள்ளும், அதை மென்மையாக்கப் பாடுபட வேண்டியதில்லை. மேலே முழு மூடி கட்டாயம். ஃபில்டர் குழாய்க்காக விட்ட நாலு விரல் இடைவெளி வழியாக ஒரு பெண் மீன் துள்ளி வெளியே விழுந்ததைக் காலையில்தான் பார்த்தேன். அந்த இடைவெளியை அன்றே வலை வைத்து அடைத்தேன், அதற்குப் பிறகு ஒன்றும் விழவில்லை.

4 ஆண், 5 பெண். பெரிய மீனாகத் தெரிந்தாலும் தொண்டை சிறியது, அதனால் பெரிய உருண்டைத் தீவனம் கூடாது, வாயிலேயே சிக்கிக்கொள்ளும். ஸ்பைருலினா பாசி கலந்த செதில் தீவனம் காலையில், உறைய வைத்த டாஃப்னியா என்ற நீர்த்தெள்ளோ ரத்தப்புழுவோ மாலையில். முட்டைக்குத் தயாராக வேண்டுமென்றால் இந்த மாலை வேளைத் தீனிதான் வேலை செய்யும். இரண்டு வாரத்தில் பெண் மீன்களின் வயிறு உருண்டு வந்தது.

காலையில் விளக்கு எரிந்ததும் முதல் அரை மணி நேரம் தொட்டி முன்னால் உட்கார்ந்துவிட வேண்டும். ஆண் மீன்கள் துடுப்புகளை எல்லாம் விரித்து விறைப்பாக நிற்கும், நெற்றியிலிருந்து முதுகு நோக்கி வெளிறிய கோடு ஒன்று சட்டென்று பளிச்சிடும், ஒரு நொடியில் அணையும், மறுபடி பளிச்சிடும். யாரோ உள்ளே ஸ்விட்சைப் போட்டுப் போட்டு அணைப்பதுபோல. பக்கத்தில் இன்னொரு ஆண் வந்தால் இரண்டும் ஒன்றை ஒன்று சுற்றி வட்டமடிக்கும், கடித்துக் குதறிக்கொள்வது அரிது. நான் வளர்த்த எந்த மீனிடமும் இப்படி ஒரு காலைப்பொழுது கிடைத்ததில்லை.

வானவில் மீன் ஒரே நாளில் முட்டையைக் கொட்டிவிட்டுப் போகாது. தினமும் காலையில் சில முட்டைகள், அடுத்த நாள் இன்னும் சில என்று செடிகளுக்கு நடுவே ஒட்டிவைத்துக்கொண்டே போகும். முட்டையில் மெல்லிய நூல் இருக்கும், அது எதையாவது பற்றிக்கொள்ளும். ஜாவா பாசி இருந்தால் அதில் இடும், ஆனால் பாசிக்குள் முட்டை தேடுவது பெரும்பாடு. அதனால் நூல் மாப். கரும்பச்சை நிற அக்ரிலிக் பின்னல் நூல் வாங்கிக்கொள்ளுங்கள், ஆட்டுக் கம்பளி வேண்டாம், தண்ணீரில் அழுகும். ஒரு அடி நீளமுள்ள அட்டையில் 60 சுற்று சுற்றி, ஒரு முனையை இறுக்கிக் கட்டி, மறு முனையைக் கத்தரியால் வெட்டினால் துடைப்பம் மாதிரி ஒன்று கிடைக்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு, சாயம் வருவது நிற்கும்வரை தண்ணீரை மாற்றி மாற்றி எடுக்க வேண்டும். எனக்கு நாலு தடவை ஆனது. கட்டிய முனையில் ஒரு தக்கையைச் சேர்த்தால் மேலே மிதந்து, நூலெல்லாம் கீழே தொங்கும்.

மாப்பைப் போட்ட மறுநாளே முட்டை. வெளியே எடுத்து லேசாகப் பிழிந்து, வெளிச்சத்தில் நூலை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் தெரியும்: கண்ணாடி மணி மாதிரி, ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் கூட, மெல்லிய தேன் நிறம். விரலால் தொடப் பயம் வேண்டாம், நல்ல முட்டை கெட்டியாக இருக்கும், இரு விரலுக்கு நடுவே மணல் பருக்கைபோல் உருளும். அழுத்தினால் நசுங்குவது உயிரில்லாத முட்டை.

முதல் முறை 30 முட்டைக்கு மேல் எடுத்தேன். எடுத்த அன்று மாலை விஷயம் புரிந்து வயிற்றைக் கலக்கியது. அப்போது தொட்டியில் போசமானியோடு 3 லகுஸ்ட்ரிஸ் மீன்களும் இருந்தன. நீலம் பச்சை மின்னும் அழகான மீன், அதுவும் வானவில் வகைதான். மறுநாள் காலையில் கவனித்துப் பார்த்தால் போசமானி ஆண் ஒன்று லகுஸ்ட்ரிஸ் பெண்ணோடு மாப்புக்குள் போய் உடம்பை உரசி நடுங்கிக்கொண்டிருக்கிறது. இந்த இனங்கள் தொட்டியில் கலந்துவிடும் என்று படித்திருந்தேன், இவ்வளவு சீக்கிரம் நடக்கும் என்று நினைக்கவில்லை.

இதை ஏன் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்கிறேன் என்றால், லகுஸ்ட்ரிஸ் வந்தது பப்புவா நியூ கினியின் குட்டுபு ஏரியிலிருந்து. போசமானி அதே தீவின் மேற்கு முனையில், இந்தோனேசியப் பகுதியில் இருக்கும் ஆயமாரு ஏரிகளையும் அவற்றைச் சுற்றியுள்ள ஓடைகளையும் சேர்ந்தது. இயற்கையில் இவை இரண்டும் சந்திக்க வழியே இல்லை. டச்சு மீனியல் அறிஞர் மரினுஸ் போசமான் 1950களில் சேகரித்த மாதிரிகளை வைத்து 1980ல் ஜெரால்ட் ஆலன், நார்பர்ட் கிராஸ் இருவரும்தான் இதைத் தனி இனம் என்று விவரித்து அவர் பெயரையே வைத்தார்கள். அந்தச் சின்ன இடத்தைத் தாண்டி இது எங்கும் கிடையாது, அழியும் ஆபத்தில் இருக்கும் இனமாகச் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் இருக்கிறது. தொட்டிகளில் சுற்றும் மீன்களாவது கலப்பில்லாமல் இருக்க வேண்டாமா? கலப்புக் குஞ்சு வளர்ந்து யார் கைக்கோ போனால், அவர் அதைப் போசமானி என்றே நம்பி மறுபடி குஞ்சு எடுப்பார். பெண் மீன்களைப் பார்த்து இனம் கண்டுபிடிப்பது அவ்வளவு கடினம். எடுத்த முட்டை அத்தனையையும் பெரிய தொட்டியிலேயே திருப்பிப் போட்டேன், மீன்கள் நிமிஷத்தில் தின்றுவிட்டன. லகுஸ்ட்ரிஸ் மூன்றையும் வேறு தொட்டிக்கு மாற்றி, மூன்று வாரம் எந்த முட்டையையும் எடுக்காமல் விட்டேன்.

இரண்டாவது முறை. இப்போது போசமானி மட்டும். 5 நாளில் 47 முட்டை. 2 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் டப்பாவில் தொட்டித் தண்ணீரையே ஊற்றி, வெளிறிய வான நீலம் வரும் அளவுக்கு பூஞ்சையைத் தடுக்கும் மெத்திலீன் புளூ என்ற நீலச் சாயம் ஒரு சொட்டு, ஓரத்தில் மிக மெதுவாகக் காற்று. தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன். வெள்ளையாக மாறிய முட்டையை உடனே எடுத்துவிட வேண்டும், விட்டால் பஞ்சு மாதிரி பூஞ்சை கிளம்பிப் பக்கத்து முட்டையையும் பிடிக்கும். நாலாம் நாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்த என் மகள் "அப்பா, ரெண்டு கண்ணும் தெரியுது, சுத்தி தங்கக் கலர்ல மின்னுது" என்று கத்தினாள். உண்மைதான். முட்டைக்குள் சுருண்டு கிடக்கும் உடம்பு, இரண்டு கரும்புள்ளி, அதன் விளிம்பில் பொன் மினுக்கு. இடையிடையே உள்ளே வெட்டித் திரும்பும். ஏழாம் நாள் பொரிய ஆரம்பித்தது, மூன்று நாளில் 40 குஞ்சு.

பொரித்ததும் குஞ்சுகள் நேராகத் தண்ணீரின் மேல்பரப்புக்கு வந்து, ஊசித் துண்டுகள் மாதிரி அங்கேயே தொங்கிக்கொண்டு நிற்கும். நான் குஞ்சுத் தீவனப் பொடி வாங்கி வைத்திருந்தேன். விரலால் தேய்த்து இன்னும் பொடியாக்கித் தூவினேன், ஒரு நாளைக்கு நாலு தடவை. அவித்த முட்டை மஞ்சள் கரைசலும் கொடுத்தேன். நாலாம் நாள் 6 குஞ்சு கீழே கிடந்தது. ஐந்தாம் நாள் 15. ஒரு வாரம் முடியும்போது ஒன்றுகூட இல்லை. தண்ணீர் கெட்டுவிட்டதோ என்று சோதித்தால் அம்மோனியா கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. கடைசியாக உயிரோடிருந்த சிலவற்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: வயிறு உள்ளே ஒட்டிப்போய், தலை மட்டும் பெரிதாக, ஒரு நூல் துண்டு நீந்துவதுபோல். பட்டினி. அடியில் வெள்ளைப் படலமாகத் தீவனம் அத்தனையும் படிந்து கிடக்கிறது, அதற்கு ஒரு சாண் மேலே குஞ்சு பசியால் செத்துக்கொண்டிருக்கிறது.

அன்று இரவு ரொம்ப நேரம் அந்த டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். 40 உயிர். என் கண்முன்னே உணவைத் தூவியும் ஒன்றுக்கும் கிடைக்கவில்லை.

இந்தக் குஞ்சு இரையைத் தேடிக் கீழே போகாது. மேலே உள்ள ஒரு சென்டிமீட்டர்தான் அதன் உலகம், அந்த உயரத்தில் கண்முன் வருவதை மட்டும் கொத்தும். வாயும் ரொம்பச் சின்னது. எனவே உணவு கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாக இருக்க வேண்டும், மேலேயே இருக்க வேண்டும், முடிந்தால் அசைய வேண்டும். பலர் சொல்லும் மைக்ரோ வார்ம் என்ற நுண்புழுகூட இதற்கு முதல் வாரத்தில் சரிப்படாது, அது நேரே அடிக்குப் போய்விடும்.

மூன்றாவது முறை முட்டை எடுப்பதற்கு மூன்று வாரம் முன்பே உணவைத் தயார் செய்தேன். இந்த வரிசைதான் முக்கியம், முட்டை கையில் வந்த பிறகு உணவுக்கு அலைந்தால் நேரம் போதாது.

முதலாவது இன்ஃபுசோரியா, அதாவது தண்ணீரில் வாழும் நுண்ணுயிர்கள். தொட்டியில் வெட்டிய செடித் துண்டுகளும் ஒரு காய்ந்த கீரை இலையும் ஒரு ஜாடித் தொட்டித் தண்ணீரில் போட்டு ஜன்னலோரம் வைத்தேன். இரண்டு நாளில் பால் மாதிரி கலங்கும், நாற்றமும் அடிக்கும், கொட்டிவிடத் தோன்றும், கொட்டாதீர்கள். ஐந்தாறு நாளில் தானே தெளியும். அப்போது வெளிச்சத்தில் பிடித்தால் தூசி மாதிரி ஏதோ நகர்வது தெரியும், அதுதான் உணவு. அடுத்தடுத்துக் கிடைக்க மூன்று ஜாடி, மூன்று நாள் இடைவெளியில் போட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வினிகர் புழு. என் குஞ்சுகளைக் காப்பாற்றியது இதுதான் என்று தயங்காமல் சொல்வேன். ஆப்பிள் வினிகர் பாதி, தண்ணீர் பாதி, உள்ளே இரண்டு துண்டு ஆப்பிள், நண்பரிடம் வாங்கிய கொஞ்சம் புழு. மூன்று வாரத்தில் பெருகிவிடும், மாதக்கணக்கில் கவனிக்காமல் விட்டாலும் சாகாது. 2 மில்லிமீட்டர் நீளம் இருந்தாலும் தலைமுடியைவிட மெலிது, குஞ்சு வாய்க்குள் போகும். நல்ல தண்ணீரிலும் நாள்கணக்கில் உயிரோடு நீந்தும், அதுவும் மேல்பக்கமாகவே. வினிகரோடு தொட்டியில் ஊற்ற முடியாது, பிரித்தெடுக்க ஒரு வழி உண்டு. கழுத்து நீண்ட பாட்டிலில் புழுக் கரைசலைக் கழுத்து அடிவரை ஊற்றி, அதன் மேல் பஞ்சை வைத்து அடைத்து, பஞ்சுக்கு மேலே நல்ல தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். ஆக்சிஜனைத் தேடிப் புழுக்கள் பஞ்சு வழியாக நெளிந்து ஏறி மேலே வந்துவிடும். மறுநாள் காலையில் அந்தத் தண்ணீரை டார்ச் அடித்துப் பார்த்தால் வெள்ளிச் சரிகை துடிப்பதுபோல் இருக்கும். சொட்டுக்குழாயால் உறிஞ்சி அப்படியே கொடுக்கலாம்.

6 நாளில் 52 முட்டை, பொரித்தது 44. பொரிவதற்கு முந்தைய நாளே மெத்திலீன் புளூ கலந்த தண்ணீரை முழுக்க மாற்றிவிட்டேன், அது இருந்தால் இன்ஃபுசோரியா செத்துவிடும். குஞ்சுகளை 20 லிட்டர் தொட்டிக்கு மாற்றினேன், தண்ணீர் 10 சென்டிமீட்டர் உயரம் மட்டும். உயரம் குறைந்தால் உணவும் குஞ்சும் நெருக்கமாக இருக்கும். வலையால் அள்ளக் கூடாது, கரண்டியில் தண்ணீரோடு முகர வேண்டும். பெரிய தொட்டியிலேயே ஓடிப் பழகிய ஸ்பாஞ்சு ஃபில்டர் ஒன்றை எடுத்து வைத்தேன், காற்று நொடிக்கு இரண்டு குமிழி மட்டும். கொஞ்சம் கூடினால் மேல்பரப்பு அலையடித்துக் குஞ்சு தள்ளாடும். மிச்சத்தைத் தின்ன நாலு சின்ன நத்தை.

முதல் வாரம் காலை 6 மணியிலிருந்து இரவு 10 வரை ஆறு தடவை கொடுத்தேன், இன்ஃபுசோரியா இரண்டு தடவை, மற்றது வினிகர் புழு. விளக்கு 14 மணி நேரம். தினமும் அடியிலிருந்து 2 லிட்டர் தண்ணீரை ஏர் டியூபால் உறிஞ்சி எடுத்து, அதே டியூபில் முடிச்சுப் போட்டுச் சொட்டுச் சொட்டாகப் புதுத் தண்ணீர் இறக்கினேன். வேலைக்குப் போகும் நேரத்தில் மதியத் தீனியை மகள் பார்த்துக்கொண்டாள், எத்தனை சொட்டு என்று ஒரு தாளில் எழுதி ஒட்டியிருந்தாள். முதல் நாலு நாளில் 5 குஞ்சு போனது. ஐந்தாம் நாள் பொழுது விடியும்போது எனக்குத் திக்கென்றுதான் இருந்தது, போன முறை அன்றுதான் 15 செத்தது. ஒன்றும் சாகவில்லை.

எட்டாம் நாள் ஆர்ட்டீமியா, அதாவது உப்புநீரில் வாழும் குட்டி இறால் வகையின் குஞ்சு. 1 லிட்டர் பாட்டிலை அடிப்பக்கம் வெட்டிக் கவிழ்த்து வைத்து, 25 கிராம் உப்பு, அரைத் தேக்கரண்டி ஆர்ட்டீமியா முட்டை, அடியிலிருந்து வேகமாகக் காற்று, பக்கத்தில் விளக்கு. 28 டிகிரியில் ஒரு நாளில் பொரித்துவிடும். காற்றை நிறுத்திப் பத்து நிமிஷம் விட்டால் ஓடு மேலே மிதக்கும், உயிருள்ளவை வெளிச்சம் இருக்கும் பக்கம் ஆரஞ்சு மேகமாகக் கூடும். அங்கிருந்து மட்டும் உறிஞ்சி, நெருக்கமான துணியில் வடிகட்டி, நல்ல தண்ணீரில் அலசிக் கொடுக்க வேண்டும். ஓடு கலந்து போனால் குஞ்சு வயிற்றில் அடைத்துக்கொள்ளும்.

கொடுத்துவிட்டுக் கால் மணி நேரம் கழித்துப் பூதக்கண்ணாடியோடு போனேன். கண்ணாடித் துண்டு மாதிரி இருக்கும் குஞ்சின் வயிறு, ஆரஞ்சு. ஒன்று, இரண்டு, அப்புறம் பத்து. வாய் சின்னதாக இருந்த ஏழெட்டுக்கு மட்டும் இன்னும் வெளிறிய வயிறு, அவற்றுக்காக வினிகர் புழுவை மேலும் ஒரு வாரம் நிறுத்தவில்லை. எதற்கு இன்னும் வாய் எட்டவில்லை என்பதை வயிற்று நிறமே காட்டிவிடுகிறது, வேறு சோதனை வேண்டாம்.

ஒரு மாதத்தில் அளவு வித்தியாசம் அதிகமானது. பெரியவை உணவை அடித்துக்கொண்டு போய்விடுகின்றன என்று தெரிந்ததும் 12 பெரிய குஞ்சுகளைப் பிரித்து வேறு தொட்டியில் விட்டேன், மிச்சம் இருந்தவை இரண்டே வாரத்தில் வேகம் பிடித்தன. மூன்று மாதத்தில் 2 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மெதுவாக வளரும் மீன் இது, பக்கத்தில் கப்பி வளர்ப்பவரோடு ஒப்பிட்டால் மனசு சோர்ந்துவிடும், ஒப்பிட வேண்டாம். முதுகெலும்பு வளைந்த 2 குஞ்சு வந்தது, அவற்றைத் தனியாக வைத்திருக்கிறேன், இனப்பெருக்கத்துக்கு விடப் போவதில்லை. ஏழாம் மாதம் இப்போது. 33 மீன், பெரியது 5 சென்டிமீட்டர்.

இன்றைக்குக் காலையில் விளக்குப் போட்டதும் அந்தப் பெரிய மீன் செடிக்குள்ளிருந்து வந்து, பக்கத்தில் வந்த இன்னொன்றைப் பார்த்துத் துடுப்பை விரித்தது. வால் பக்கம் லேசாக மஞ்சள் ஏறியிருக்கிறது. நெற்றியில் அந்தக் கோடு ஒரு தடவை மின்னி அணைந்தது. மகளைக் கூப்பிடுவதற்குள் முடிந்துவிட்டது, நாளைக்கு அவளும் 6 மணிக்கே எழுந்து வந்து உட்காருவதாகச் சொல்லியிருக்கிறாள்.